வீசிங்குக்கு இன்ஹேலரா, மாத்திரையா?

கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் பனியில் தேயிலை பறிக்கப் போகிறவர்களில், "இன்ஹேலர் பழகினால் ஸ்டீராய்டு உடம்பில் தங்கிவிடும்" என்று பயந்து மாத்திரை கேட்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறு.

இன்ஹேலரில் உள்ள புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து நேராக நுரையீரலில் வேலை செய்கிறது. தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போகும் பகுதியில் சுமார் 90 சதவீதம், கல்லீரலைத் தாண்டுவதற்குள்ளேயே உடைந்துவிடுகிறது. சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி (என்சைம்) அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அணுக்கூட்டத்தை, சேர்க்கிறது. அப்படி உருவாகும் பொருட்களுக்குப் பழைய வீரியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அப்படியில்லை. பெரும்பகுதி கல்லீரலைத் தாண்டி உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, அப்புறம்தான் உடைந்து சிறுநீரில் போகிறது. மாதக்கணக்கில் எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்தவும் கூடாது.

தினசரிக்கு இன்ஹேலர்தான் நல்லது. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது புடெசொனைடை உடைக்கும் அந்த நொதியையே முடக்கும். பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே சில நாளுக்குத் தரும் மாத்திரையை மறுக்காதீர்கள்.