எலியில் எதைப் பார்ப்பது: புணர்ச்சி நடத்தையா, விந்தணுவா?

சேலத்தில் எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) படிக்கும் பிள்ளைகள் ஏற்காட்டு மூலிகை ஒன்றோடு வந்து, ஆண் எலியின் இனப்பெருக்கத்தில் அது என்ன செய்கிறது என்று சோதிக்கக் கேட்கும் கேள்வி இது.

காலம்: நடத்தை ஒரே வேளை மருந்திலும் மாறலாம். விந்தணுவுக்கு அவசரம் ஆகாது. எலிக்கு விந்தணு உருவாகவே சுமார் 52 நாள், அப்புறம் எபிடிடிமிஸில் (விரையை ஒட்டிய சுருள் குழாய்) முதிரப் பத்து நாள்போல. 28 நாள் மருந்து கொடுத்துவிட்டு ‘மாற்றமில்லை’ என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

சிரமம்: நடத்தைக்குப் பெண் எலியைத் தயார்செய்ய வேண்டும். சோதனைக்கு 48 மணி நேரம் முன்பே எஸ்ட்ராடியால், பிறகு சில மணி நேரம் முன் புரோஜெஸ்டிரோன் என்று இரண்டு பெண் ஹார்மோன்களைக் கொடுக்க வேண்டும். மங்கிய சிவப்பு விளக்கில் உட்கார்ந்து, ஆண் எலி ஏற எடுக்கும் நேரம், எத்தனை தடவை, விந்து வெளியேறிய பின் எவ்வளவு ஓய்வு என்று குறிக்க வேண்டும். கண் அசந்தால் போச்சு, வீடியோ எடுத்துவிடுங்கள். விந்தணுவுக்கு நியூபாயர் தகடும் (செல்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) மைக்ரோஸ்கோப்பும் போதும். ஆனால் எலியைக் கொல்ல வேண்டும்.

செலவு: விந்தணுவில் மருந்தும் தீவனமும்தான் நீளும்.

‘ஆண்மைக்கு நல்லது’ என்று ஊர் சொல்லும் மூலிகை என்றால் நடத்தை. ஒப்பிடச் சில்டெனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) கொடுத்த எலிக் குழு ஒன்று வையுங்கள். நச்சு, கருத்தடைச் சந்தேகம் என்றால் விந்தணு. அதோடு இணைசேர விட்டுக் குட்டிகளையும் எண்ணுங்கள். ஏனென்றால் விந்தணு எண்ணிக்கை நன்றாகக் குறைந்த எலியும் அப்பாவாகிவிடும்.