கொலையாளி கிடைத்தார், தடயம் கிடைக்கவில்லை: ஒலிநூல் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒரு சந்தாச் செயலியில் மர்ம நாவல் ஒன்றை வாங்கிக் கேட்டேன். கடைசி அத்தியாயத்தில் துப்பறிகிறவர் வீட்டிலுள்ள எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, “இரண்டாம் நாள் காலையில் தோட்டக்காரர் சொன்னதை உங்களில் யாருமே காதில் வாங்கவில்லை” என்று ஆரம்பிக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டவரைக்கும் அந்தக் கதையில் தோட்டக்காரரே கிடையாது.

நடுவில் கண்ணயர்ந்துவிட்டேனோ என்று அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்டேன். இல்லை. அச்சுப் புத்தகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் விசாரித்தால், அதில் தோட்டக்காரருக்கு முழுதாக ஓர் அத்தியாயமே இருக்கிறது. கொலையானவரின் தங்கை எழுதிய கடிதம், பூட்டியிருந்த அறையின் இன்னொரு சாவி, இவையும் அச்சில் உண்டு, ஒலியில் இல்லை. யாரோ உட்கார்ந்து நாவலை மூன்றில் ஒரு பங்காக வெட்டியிருக்கிறார்கள். முடிவில் மட்டும் கைவைக்கவில்லை. அதனால் துப்பறிகிறவர் எனக்குக் காட்டப்படாத ஆதாரங்களை அடுக்கி, எனக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்துக்கொடுக்கிறார்.

விற்பனைப் பக்கத்தில் ‘சுருக்கப் பதிப்பு’ என்ற வார்த்தையே இல்லை. அட்டை முழு நாவலுடையது. கதைக் குறிப்பும் முழு நாவலுடையது. கீழே குவிந்திருந்த பாராட்டுகள்கூட அச்சுப் புத்தகத்தைப் படித்தவர்கள் எழுதியவை.

சுருக்குவதையே குற்றம் என்று சொல்லவில்லை. கேசட் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஒரு கேசட்டில் 60 அல்லது 90 நிமிடம்தான் கொள்ளும். முழு நாவல் என்றால் ஒரு பெட்டி நிறையக் கேசட் விற்க வேண்டும். அதனால் பதிப்பாளர்கள் வெட்டினார்கள், வெட்டியதை அட்டையிலும் போட்டார்கள். அந்தப் பழைய ஒலிப்பதிவுகள் இன்று கோப்புகளாக மாறி, அட்டை மாறி, அந்த ஒற்றை வரி எச்சரிக்கையை மட்டும் தொலைத்துவிட்டு வலம் வருகின்றன. நான் வாங்கியதும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். ஒலியின் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று தொடர்ந்து கேட்டது.

மற்ற நூல்களைச் சுருக்கினால் சுவை குறையும், அவ்வளவுதான். மர்ம நாவலில் நிலைமை வேறு. அங்கே வேண்டாத வரிபோலத் தெரிவதுதான் வேண்டிய வரி. போகிறபோக்கில் சொல்வதுபோலத் தடயத்தை ஒளித்துவைப்பதுதானே அந்த எழுத்தின் வித்தை? சுருக்குகிறவரின் கத்தரி முதலில் தேடிப்போவதும் அந்த மாதிரி வரிகளைத்தான். 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்கிற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர். துப்பறிகிறவர் கண்டெடுக்கும் தடயம் எதுவானாலும் உடனே வாசகர் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நாவலாசிரியர் அந்த விதியை ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார். மீறியவர், பெயர் தெரியாத ஒலிப்பதிவுத் தொகுப்பாளர்.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வந்த பதில்: “நூலை முழுவதுமாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே திருப்பித் தர இயலாது.” இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். மர்ம நாவலில் ஒரு தடயம் விட்டுப்போயிருக்கிறது என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியவரும். அதுவரை கேட்டால் பணம் கிடையாது. கேட்காவிட்டால் ஏமாந்ததே தெரியாது. ஆக, எந்தக் கட்டத்திலும் புகார் செல்லாது. விதியை எழுதியவர் நாவல் எழுதப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பார்.

வாங்கும் முன்னால் இதைப் பிடிக்க ஒரே வழி நேரக் கணக்கு. ஆங்கிலத்தில் இயல்பான வேகத்தில் வாசித்தால் மணிக்கு ஏறக்குறைய 9,000 சொற்கள் போகும். 80,000 சொற்கள் உள்ள நாவல் என்றால் ஒன்பது மணி நேரத்தை ஒட்டி வர வேண்டும். மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். தமிழில் சொற்கள் நீளமானவை, ஒரு மணிக்கு அத்தனை சொற்கள் போகாது. ஆகவே அதே எண்ணிக்கைச் சொற்களுக்குத் தமிழ் ஒலிநூலின் நேரம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். பல செயலிகளில் இந்த நேரம் ‘மேலும்’ என்று இருப்பதைத் தட்டினால்தான் தெரியும். தட்டிப் பார்த்துவிடுங்கள். அதே நாவலுக்கு வேறு வாசிப்பாளர் குரலில் வேறு பதிவு இருந்தால் இரண்டின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஓர் அரைமணி வித்தியாசம் வாசிக்கும் வேகத்தால் வரலாம். ஐந்து மணி வராது.

அதே செயலியில் இன்னொரு கூத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு மர்மக் கதைகளின் ‘சிறப்புத் தொகுப்பு’ என்று ஒன்று நல்ல விலைக்கு வைத்திருந்தார்கள். முதல் அத்தியாயம் ஓர் ஆண் குரல், அருமை. இரண்டாவது வேறு ஒரு பெண் குரல். மூன்றாவதை வாசித்தவர் குளியலறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எதிரொலி. அப்புறம் ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில், வெட்ட மறந்துபோய், “இது லிப்ரிவாக்ஸ் பதிவு” என்ற அறிவிப்பே வந்துவிட்டது. லிப்ரிவாக்ஸ் என்பது 2005இல் தொடங்கிய தன்னார்வலர் முயற்சி. காப்புரிமை முடிந்த நூல்களை உலகெங்கும் உள்ளவர்கள் வாசித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிவுகளும் பொதுச்சொத்து என்பதால் யாரும் எடுத்து விற்கலாம், சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்லாமல், வாசித்தவர்களின் பெயரையும் நீக்கிவிட்டு, ‘சிறப்புத் தொகுப்பு’ என்று காசு வாங்குவதை வேறு எப்படிச் சொல்வது? பழைய மர்மக் கதை எதையும் வாங்கும் முன்னால் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். அங்கேயே ஒரே ஆள் வாசித்த பதிவு, பல பேர் வாசித்த பதிவு என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். விலை வாங்காதவர்கள் காட்டும் நேர்மை இது.

ஒரே குரலா, பல குரலா என்பது மர்மக் கதையில் சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் 1935இல் தொடங்கியபோது முதலில் வெளியானவற்றில் அகதா கிறிஸ்டியின் ‘த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு’ ஒன்று. 1926இல் வந்த நாவல். படித்தவர்களுக்குத் தெரியும், அதை வாசிக்கிறவர் தன் குரலை எவ்வளவு கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று. (படிக்காதவர்களிடம் இதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன்.) மாறுவேடத்தில் வரும் ஆளுக்கு வாசிப்பாளர் பழைய குரலையே கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், புதுக் குரல் கொடுத்தால் கேட்கிறவரை ஏய்த்ததாகிவிடும். நல்ல வாசிப்பாளர்கள் இதனாலேயே எல்லாப் பாத்திரத்துக்கும் வேஷம் கட்டுவதில்லை. லேசாகத் தொனியை மாற்றி நிறுத்திக்கொள்வார்கள். கொலை மிரட்டல் தொலைபேசியில் வரும்போதே இது யார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த உற்சாகமான வாசிப்பாளர்களும் உண்டு. நாடகக் குரலுக்குக் கிடைக்கும் நட்சத்திர மதிப்பெண்ணை நம்பி மர்ம நாவல் வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

இன்னொன்றும் இங்கேயே. அத்தியாயப் பட்டியலைத் திறக்காதீர்கள். ‘மருத்துவரின் வாக்குமூலம்’ என்று கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தின் தலைப்பு திரையில் பளிச்சென்று நிற்கும்.

அபுனைவு நூல்களில், அதாவது கதையல்லாதவற்றில், ஏமாற்று வேறு வழியில் வருகிறது. பொருளாதார வரலாறு பற்றிய ஒரு நூலைத் தேடினேன். அதே தலைப்பு, அதே ஆசிரியர் பெயர் பெரிய எழுத்தில். வாங்கிக் கேட்டால் “இந்த நூலில் ஆசிரியர் கூறுவது என்னவென்றால்” என்று ஒரு குரல் ஆரம்பிக்கிறது. அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ‘சுருக்கமும் ஆய்வும்’. ஆசிரியருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வகைப் போலிகளில் பெரும்பாலும் வெளியீட்டாளர் பெயர் வேறாக இருக்கும், நேரம் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். இங்கேயும் நேரம்தான் காட்டிக்கொடுக்கும்.

அதைவிட மோசமானது, மனிதர் என்று சொல்லி விற்கப்படும் இயந்திரக் குரல். ஆப்பிள் 2023இல் டிஜிட்டல் குரல் ஒலிநூல்களைக் கொண்டுவந்தபோது, இது டிஜிட்டல் குரல் என்று பக்கத்திலேயே குறிப்பிட்டது. அப்படிக் குறிப்பிட்டால் எனக்கு ஆட்சேபமில்லை, விருப்பமுள்ளவர் வாங்கட்டும். நான் வாங்கிய வரலாற்று நூலில் ‘வாசிப்பவர்’ என்ற இடத்தில் ஒரு மனிதப் பெயர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டு உடைந்தது. பதினான்காம் லூயியின் ரோமன் எண்ணை எக்ஸ், ஐ, வி என்று எழுத்துக் கூட்டியது. 1914–18 என்பதில் இருந்த கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டது. இவை சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது மேற்கோள். ஆசிரியர் மறுப்பதற்காக எதிர்த்தரப்பின் வாதத்தை ஒரு பத்தி முழுக்க எடுத்துக்காட்டுகிறார். அச்சில் மேற்கோள்குறி இருக்கும். நல்ல வாசிப்பாளர் குரலில் ஓர் இடைவெளி, ஒரு விலகல் தெரியும். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே தொனியில் ஓதியதால், ஆசிரியர் கண்டிக்கும் கருத்தையே ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொண்டு நான் கொஞ்ச தூரம் போய்விட்டேன். கதை கெட்டுப்போனால் ஒரு மாலைப் பொழுது வீண். இங்கே தப்பான தகவலே மண்டையில் ஏறிவிடுகிறது.

தமிழில் இயந்திரக் குரல்களுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான், ‘ப’வும் ஒன்றுதான், பிறமொழிப் பெயரில் அது வல்லொலியா மெல்லொலியா என்று வாசிக்கிறவர்தான் அறிந்து சொல்ல வேண்டும். இயந்திரம் ஒரே ஆளை ஓர் அத்தியாயத்தில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் அழைக்கும். மர்மக் கதையாக இருந்தால் சந்தேக நபர்களின் எண்ணிக்கை தானாகவே கூடிவிடும். மாதிரி ஒலியைக் கேட்கும்போது கதையை விட்டுவிட்டுப் பெயர்களையும் ஆண்டுகளையும் கவனித்தால் இயந்திரத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். மூச்சு எங்கே எடுக்கிறார் என்றும் கேளுங்கள்.

ஆசிரியரே வாசிக்கும் நூல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்பார்கள். தன்வரலாறு என்றால் பெரும்பாலும் ஆம். ஒபாமா தன் நூல்களைத் தானே வாசித்து 2006இலும் 2008இலும் கிராமி விருது வாங்கினார், கேட்டால் காரணம் புரியும். ஆனால் அறிவியல், வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வாசிக்க வருவதில்லை. சிலர் தாங்கள் எழுதிய வாக்கியத்தையே முதல்முறை பார்ப்பதுபோலத் திணறுகிறார்கள். அபுனைவில் இன்னொரு தொல்லை, “படம் நான்கைப் பார்க்கவும்” என்று குரல் சொல்லும், படம் எங்கே என்று சொல்லாது. வரைபடங்கள் உள்ள நூல் என்றால் துணைக் கோப்பு பி.டி.எஃப். ஆகத் தருகிறார்களா என்று விற்பனைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் போதும் என்று சந்தாவை நிறுத்தப் போனபோது கடைசி அடி. நிறுத்தினால் கைவசமிருக்கும் கிரெடிட்டுகள் (சந்தாவுக்கு ஈடாக, நூல் வாங்கிக்கொள்ளத் தரும் புள்ளிகள்) போய்விடும் என்று உறுதிப்படுத்தும் திரையில் பொடி எழுத்தில் இருந்தது. இந்த விதி பல ஒலிநூல் சந்தாக்களில் உண்டு. ஆகவே கிரெடிட்டைத் தீர்த்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது; கணக்குக்குள் போய் ரத்து செய்தால்தான் பணம் பிடிப்பது நிற்கும். சந்தாவோடு ‘இலவசமாக’ வந்த நூல்கள் சந்தாவோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கியதுகூடப் பெரும்பாலும் கேட்கும் உரிமம்தான். 2009இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்பும் கேட்டது. தரவிறக்கிக் கோப்பாக வைத்துக்கொள்ள விடும் கடைகளும் இருக்கின்றன, முடிந்தவரை அங்கே வாங்குகிறேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: புகாரில் “பிடிக்கவில்லை” என்று எழுதாதீர்கள், உடனே தள்ளுபடி செய்வார்கள். “விவரித்தபடி பொருள் இல்லை” என்று எழுதி, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். புகார் அனுப்பும் முன்பே படம் பிடித்துவிடுங்கள், பிறகு பக்கம் மாறிவிடலாம். இப்படி எழுதியதில் அந்தப் பொருளாதாரப் போலிக்கும் இயந்திரக் குரலுக்கும் பணம் திரும்பி வந்தது. இலவசப் பதிவுத் தொகுப்புக்குப் பாதி. மர்ம நாவலுக்கு மட்டும் இன்னும் அதே பதில்தான். பணம் செலுத்தப் பயன்படுத்திய வங்கி அட்டையின் நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறேன், அவர்கள் நாவலின் அச்சுப் பிரதியில் விடுபட்ட அத்தியாயங்களின் பக்க எண்களைக் கேட்டிருக்கிறார்கள். நண்பரிடம் புத்தகத்தை வாங்கிக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.