போக்கிமான் பூஸ்டர் பாக்ஸ்: பிரிக்கலாமா, வைக்கலாமா, வாங்கவே வேண்டாமா?

பூஸ்டர் பாக்ஸ் என்பது, உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாத சீல் வைத்த கார்டு பேக்குகள் அடங்கிய பெட்டி. சிங்கப்பூரில் இருப்பதால் போக்கிமானின் ஆங்கில பாக்ஸ், ஜப்பானிய பாக்ஸ் இரண்டுமே எளிதாகக் கிடைக்கின்றன. சில வருடங்களாக இரண்டையும் வாங்குகிறேன். பிரிப்பதற்காக வாங்கினால் போட்ட பணம் கார்டாகத் திரும்பி வராது. அது தெரிந்துதான் இன்னமும் வாங்குகிறேன்.

ஆங்கில பாக்ஸில் 36 பேக், பேக்குக்கு 10 கார்டு. ஸ்கார்லெட் அண்ட் வயலட் வரிசையில் பேக்குக்கு மூன்று ஃபாயில் (மினுக்கும்) கார்டாவது நிச்சயம் என்பதால், பிரித்து முடிக்கும்போது மேசை முழுக்கப் பளபளக்கும். அதில் பெரும்பகுதியைக் கடைக்குக் கொண்டுபோனால் பழைய பேப்பர் எடுப்பதுபோல மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். தனியாக விலைபோகும் கார்டுகள் கொஞ்சம்தான் தேறும். அவற்றின் விலையும் செட் (ஒரே பெயரில் வெளியாகும் கார்டுத் தொகுப்பு) வெளியான புதிதில்தான் உச்சத்தில் இருக்கும். ஊரே பிரித்து விற்க ஆரம்பித்ததும் சரசரவென்று இறங்கிவிடும். குறிப்பிட்ட ஒரு கார்டுதான் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம் பொறுத்து அதை மட்டும் சிங்கிளாக வாங்குங்கள்.

ஜப்பானிய பாக்ஸின் கணக்கு வேறு. வழக்கமான செட்டில் 30 பேக், பேக்குக்கு 5 கார்டு. பாக்ஸுக்கு ஒரு எஸ்.ஆர். (சூப்பர் ரேர் என்னும் அரிய கார்டு) அல்லது அதற்கு மேற்பட்ட கார்டு வரும் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம். அது எல்லோரும் தேடும் கார்டா, யாரும் சீண்டாத ஒன்றா என்பது உங்கள் அதிர்ஷ்டம். வெறுங்கையோடு எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இதே வழக்கத்தில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பாக்ஸில் அந்த ஒரு நல்ல கார்டு வந்ததும் நிறுத்திவிட்டு, மீதிப் பேக்குகளை உதிரியாக விற்பவர்கள் உண்டு. ஒரு சந்தைக் கடையில் அப்படி உதிரியாக ஒரு கை நிறைய வாங்கினேன். ஒன்றுமே இல்லை. ஜப்பானியது என்றால் முழு பாக்ஸ், அதுவும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அக்கா பையன் வரும்போது பிரிப்பதுதான் எனக்கு மனம் நிறைந்த செலவு. ஆன்லைன் விளையாட்டுக்கான குறியீடு அச்சிட்ட கோட் (code) கார்டைத் தனியே வைத்துவிட்டு, கடைசிக் கார்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்துவான். ஒரு பாக்ஸ் முடிய ஒரு முழு மாலை ஆகும்.

சரி, பிரிக்காமல் வைத்தால் ஏறாதா? ஏறியவை உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ‘எவால்விங் ஸ்கைஸ்’ என்ற ஆங்கில செட்டின் பாக்ஸ், பேக் 3.99 அமெரிக்க டாலர் கணக்கில் 144 டாலருக்குள் அடங்கியது. பின்னாளில் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது, அதில் வரும், நிலாவைப் பார்க்கும் அம்ப்ரியான் என்ற போக்கிமானின் கார்டின் புண்ணியம். எல்லோரும் இந்த ஒரு உதாரணத்தைத்தான் காட்டுவார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் அளவில்லாமல் அச்சடித்த பேஸ்பால் கார்டு பாக்ஸ்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சீல் பிரியாமல் இருந்தும் அவற்றில் பல இன்றும் சல்லிசாகவே கிடைக்கின்றன. போக்கிமானிலும், நன்றாக விற்கும் செட்டை நிறுவனம் மறுபடி அச்சடித்தால் உங்கள் கணக்கு ஒரே நாளில் கவிழும். நிறுவனம் குறித்த விலைக்கு மேல் கேட்டால் நான் நகர்ந்துவிடுவேன்.

விற்பது இன்னொரு தலைவலி. அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய முதல் பதிப்பு போக்கிமான் பாக்ஸ்களை 2022இல் பிரித்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு பொம்மை வரிசையின் கார்டுகள் இருந்தன. அத்தனைக்கும் அவை அசல் என்று சரிபார்க்கப்பட்டு வந்தவை. இதனால் சாதாரண பாக்ஸைக்கூட யாரும் எளிதில் நம்புவதில்லை. நான் ஒன்றை விற்றபோது வந்தவர் போன் டார்ச்சை அடித்து உறையின் மூலைகளையும் ஒட்டிய இடத்தையும் நிதானமாகப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அப்புறமும் விலையைக் குறைத்துத்தான் கேட்டார்.