கர்னல்ல ஃப்ளாஷ் பார்டிஷன் பார்சர்: பல வருஷம் போர்டுகளோட பழகினதுல என் அனுபவம்

ரௌட்டர், கேமரா, சின்ன கேட்வே பாக்ஸ் மாதிரி போர்டுகள்ல லினக்ஸ் போட்டு ஓட்டுறதுதான் என் வேலை, ஓய்வு நேரத்துல ஓப்பன்டபிள்யுஆர்டியும் (ரௌட்டர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் லினக்ஸ்) நோண்டுவேன். இந்த ரெண்டு பக்கத்துலயும் கர்னலோட எம்டிடி (ஃப்ளாஷ் மெமரியைக் கையாளுற) பகுதில இருக்கிற பார்டிஷன் பார்சர்களை ரொம்ப நாளா யூஸ் பண்றேன். ட்ரைவர் எழுதுறது பத்தி எவ்ளோ வேணாலும் படிக்கக் கிடைக்குது, ஆனா எந்தப் பார்சரை ஆன் பண்ணணும், ஏன்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. புது ஆளுங்க சிக்கி நிக்கிறது பெரும்பாலும் இங்கதான்.

முதல்ல அடிப்படை. எஸ்பிஐ நார், நேண்ட் மாதிரி ரா ஃப்ளாஷ்ல (கர்னல் நேரடியா கையாளுற ஃப்ளாஷ் சிப்) ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற மாதிரி எல்லாருக்கும் பொதுவான பார்டிஷன் டேபிள் கிடையாது (இஎம்எம்சி கதை வேற, அது பிளாக் டிவைஸ், அதுல ஜிபிடிங்கிற பார்டிஷன் டேபிள் இருக்கும்). சிப்பைப் பொறுத்தவரைக்கும் அது முழுசா ஒரே நிலம், இதுல எங்க பூட்லோடர் (கர்னலை ஏத்தி ஓட விடுற ப்ரோக்ராம்) முடியுது, எங்க கர்னல் ஆரம்பிக்குதுன்னு வெளிய இருந்து யாராவது கர்னலுக்குச் சொல்லணும், அப்படி சொல்றதைப் படிச்சு எம்டிடி0, எம்டிடி1னு பிரிச்சுக் குடுக்கிற வேலைதான் பார்சரோடது. அந்தத் தகவல் கமாண்ட் லைன்ல (பூட்லோடர் கர்னலுக்கு அனுப்புற வரி) வரலாம், டிவைஸ் ட்ரீல (போர்டுல என்னென்ன இருக்குன்னு கர்னலுக்குச் சொல்ற ஃபைல்) இருக்கலாம், இல்ல ஃப்ளாஷுக்குள்ளயே பூட்லோடர் எழுதி வச்ச ஒரு டைரக்டரில இருக்கலாம்.

நான் முதல்ல பழகினது கமாண்ட் லைன் பார்சர். சோர்ஸ்ல பார்த்தா 2002ன்னு காப்பிரைட் இருக்கும், அவ்ளோ பழசு. பூட்லோடர்ல இருந்து இப்படி ஒரு வரி போகும்:

எம்டிடிபார்ட்ஸ்=எஸ்பிஐ0.0:256கே(யூபூட்)ஆர்ஓ,64கே(என்வ்),64கே(ஆர்ட்)ஆர்ஓ,-(ஃபர்ம்வேர்)

(இங்க தமிழ்ல எழுதிருக்கேன், போர்டுல ஆங்கிலத்துல தான் டைப் பண்ணணும்.) கோலனுக்கு முன்னாடி இருக்கிறது சிப்போட பேரு, அப்புறம் சைஸ், பிராக்கெட்ல பார்டிஷன் பேரு (யூபூட்ங்கிறது பூட்லோடர், என்வ் அதோட என்விரான்மென்ட், ஆர்ட் பத்தி பின்னாடி சொல்றேன்), ஆர்ஓன்னா எழுத முடியாது, கடைசில இருக்கிற மைனஸ் குறிக்கு மிச்சம் இருக்கிறது மொத்தமும்னு அர்த்தம், 16 எம்பி சிப்புன்னா இதுல ஃபர்ம்வேருக்கு 16000 கேபி கிடைக்கும். போர்டு பிரிங்-அப் (புது போர்டை முதல் தடவை ஓட வைக்கிற) சமயத்துல இதை அடிச்சுக்க வேற எதுவும் இல்ல. கர்னலை திரும்ப பில்ட் பண்ண வேணாம், யூபூட் ப்ராம்ப்ட்ல ஒரு வரியை மாத்திட்டு ரீபூட் பண்ணா புது மேப் ரெடி.

ஆனா ப்ராடக்டா வெளிய போன பிறகு இதையே நம்பி இருக்கிறது சரி கிடையாதுங்கிறதுதான் என் கருத்து. முக்கிய காரணம் அந்த சிப்போட பேரு. அது கர்னல் வச்சிருக்கிற எம்டிடி பேரோட எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். எஸ்பிஐ நார்ல வேற எதுவும் சொல்லலன்னா அந்த பேரு டிவைஸ் பேருல இருந்து, அதாவது பஸ் நம்பர்ல இருந்து வருது. ஒரு ப்ராடக்ட்ல கர்னல் மாத்தினப்ப அதுவரைக்கும் எஸ்பிஐ0.0ன்னு இருந்தது எஸ்பிஐ32766.0ன்னு வந்துச்சு, பஸ் நம்பரை டைனமிக்கா ஒதுக்குற விதம் கர்னலுக்குக் கர்னல் மாறினதால வந்த வினை. பூட்லோடர் அனுப்புற வரில பழைய பேரு, கர்னல்ல புது பேரு, பார்சர் பெருசா சத்தமே போடாம எனக்கானது எதுவும் இல்லன்னு விலகிடும், பார்டிஷன் எதுவும் உருவாகாது, கடைசில ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலன்னு கர்னல் பேனிக் ஆகி நின்னுடும். பேனிக் மெசேஜைப் பார்த்துட்டு ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இமேஜை மாத்தி மாத்தி எரிச்சுப் பார்க்கிறவங்க நிறைய பேர். டிவைஸ் ட்ரீல ஃப்ளாஷ் நோட்ல லேபிள் குடுத்து பேரை நிலையா வச்சுட்டா இந்த தொல்லை தீரும்.

அடுத்த விஷயம் முன்னுரிமை. ட்ரைவர் தனியா லிஸ்ட் எதுவும் குடுக்கலன்னா கர்னல் முதல்ல கமாண்ட் லைன் பார்சரைக் கேக்கும், அது பார்டிஷன் குடுத்துட்டா அதோட சரி, டிவைஸ் ட்ரீ பக்கமே போகாது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறதெல்லாம் கிடையாது. அதனால டிவைஸ் ட்ரீல பார்டிஷனை மாத்தினேன் ஆனா மாறவே இல்லன்னு யாராவது கேட்டா நான் முதல்ல கேக்குறது பூட் லாக்ல ஒரே ஒரு வரிதான், "இத்தனை இன்ன பார்சர் பார்டிஷன்கள் இந்த எம்டிடி டிவைஸ்ல கிடைச்சுது"ன்னு வர்ற வரி. பார்சரோட பேரு அதுலயே இருக்கும், சிஎம்டிலைன்பார்ட்னு இருந்தா பூட்லோடர் ஜெயிச்சிருக்கு, ஃபிக்ஸ்டு-பார்டிஷன்ஸ்னு இருந்தா டிவைஸ் ட்ரீ. இந்த வரியைப் பார்க்காம வேற எங்கயும் தேட ஆரம்பிக்காதீங்க.

இன்னொண்ணு, கமாண்ட் லைன் பார்சரை மாட்யூலாவும் (தனி ஃபைல்ல இருந்து பிறகு ஏத்துறது) பில்ட் பண்ணலாம், மெனுகான்ஃபிக்ல (கர்னல் கான்ஃபிக் மெனு) எம் போட விடும். ரூட் ஃபைல்சிஸ்டம் அதே ஃப்ளாஷ்ல இருந்தா அது எப்படி வேலை செய்யும், மாட்யூல் ஃபைல் இருக்கிறதே அந்த பார்டிஷனுக்குள்ளதான. கண்டிப்பா பில்ட்-இன்னா வைங்க.

இப்ப என் எல்லா போர்டுலயும் நிரந்தர மேப் டிவைஸ் ட்ரீலதான். பார்டிஷன்ஸ்னு ஒரு நோட், அதுக்கு கம்பாட்டிபிள் (எந்த வகைன்னு சொல்ற குறி) ஃபிக்ஸ்டு-பார்டிஷன்ஸ், உள்ள ஒவ்வொண்ணுக்கும் லேபிள், ஆரம்ப இடம், அளவு. சோர்ஸ் கன்ட்ரோல்ல இருக்கும், யாரு எப்ப மாத்தினாங்கன்னு தெரியும், ரிவ்யூல கண்ணுல படும். பூட்லோடர் என்விரான்மென்ட்ல இருக்கிற ஒரு வரிக்கு இதெல்லாம் கிடையாது, ஃபேக்டரில ஒரு பேட்ச்ல ஒரு மாதிரியும் அடுத்த பேட்ச்ல வேற மாதிரியும் எரிச்சிருந்தா கேக்க நாதி இல்ல. கமாண்ட் லைன் பார்சரை ஆஃப் பண்ணிடாதீங்க, உள்ள இருக்கட்டும், மீட்பு வேலைக்கு உதவும், தினசரி மேப் மட்டும் அதுல வேணாம்.

டிவைஸ் ட்ரீல வச்சாலும் ஃப்ளாஷோட இயல்பு மாறாது, இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். ஃப்ளாஷ்ல எழுதுறதுக்கு முன்னாடி அழிக்கணும், அழிக்கிறது எரேஸ் பிளாக்ங்கிற துண்டு கணக்குல தான். பார்டிஷன் ஆரம்பமோ முடிவோ எரேஸ் பிளாக் எல்லைல சரியா உக்காரலன்னா கர்னல் அதை ரீட்-ஒன்லி ஆக்கிடும், லாக்ல சொல்லவும் செய்யும். ஒரு தடவை ஒரு ப்ரொடக்‌ஷன் லாட்ல ஃப்ளாஷ் சிப்பை அதே 16 எம்பில வேற கம்பெனி சிப்பா மாத்திட்டாங்க. பழைய சிப்புக்கு கர்னல் 4 கேபி செக்டர்ல அழிக்கும், புதுசுக்கு கர்னல் டேபிள்ல அந்த வசதி குறிக்கப்படல, 64 கேபி தான். என்விரான்மென்ட் பார்டிஷன் 4 கேபி அளவுல இருந்துச்சு, உடனே ரீட்-ஒன்லி, ஃபீல்டுல செட்டிங்ஸ் சேவ் ஆகலன்னு கம்ப்ளெயின்ட். அதுக்கப்புறம் நான் எல்லா பார்டிஷனையும் 64 கேபி எல்லைலதான் வைக்கிறேன், கொஞ்சம் இடம் வீணானாலும் பரவாயில்ல. ப்ராக் எம்டிடி ஃபைலைத் திறந்தா எரேஸ்சைஸ்னு ஒரு நெடுவரிசை இருக்கும், புது சிப் வந்தா முதல்ல அதைப் பாருங்க.

அந்த 4 கேபி செக்டர்ல அழிக்கிற ஆப்ஷன் கர்னல் கான்ஃபிக்ல டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும். யூபிஐஎஃப்எஸ் (ஃப்ளாஷுக்கான ஒரு ஃபைல்சிஸ்டம்) போடுறீங்கன்னா அதை ஆஃப் பண்ணணும், ஏன்னா யூபிஐஎஃப்எஸ்க்கு எரேஸ் பிளாக் குறைஞ்சது 15 கேபி வேணும். ஜேஎஃப்எஃப்எஸ்2ங்கிற இன்னொரு ஃபைல்சிஸ்டம் வேற மாதிரி, அதுக்கு குறைஞ்சது 5 எரேஸ் பிளாக் வேணும், 64 கேபி பிளாக்னா 320 கேபி. 4 எம்பி ரௌட்டர்கள்ல செட்டிங்ஸ் நிக்காம போறதுக்கு இது ஒரு காரணம், இமேஜ் போக மிச்சம் அவ்ளோ இடமே இருக்காது.

ரெட்பூட் பார்சர் பத்தி சுருக்கமா. பழைய இன்டெல் ஐஎக்ஸ்பி போர்டுகள், லிங்க்சிஸ் என்எஸ்எல்யு2 மாதிரி பெட்டிகள்ல ரெட்பூட் பூட்லோடர் ஃப்ளாஷ்லயே டைரக்டரி எழுதி வைக்கும், பார்சர் அதைத் தேடிப் படிக்கும். எந்த பிளாக்ல தேடணும்ங்கிறதுக்கு டிஃபால்ட் -1, அதாவது கடைசி பிளாக். உங்க போர்டுல டைரக்டரி வேற பிளாக்ல இருந்தா அந்த நம்பரை மாத்தணும். இன்னைக்கு புது போர்டு பண்றவங்களுக்கு இது தேவைப்படாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஓப்பன்டபிள்யுஆர்டி பண்ற ஃபர்ம்வேர் ஸ்ப்ளிட். டிவைஸ் ட்ரீல ஃபர்ம்வேர்னு ஒரே பெரிய பார்டிஷன், அதோட கம்பாட்டிபிள்ல இமேஜ் ஃபார்மட் எதுன்னு மட்டும் சொன்னா போதும், பார்சர் ஹெட்டரைப் படிச்சு கர்னல் எவ்ளோ நீளம்னு கண்டுபிடிச்சு ரூட்எஃப்எஸ்ஐ (ரூட் ஃபைல்சிஸ்டம்) பிரிக்கும், ஸ்குவாஷ்எஃப்எஸ் (எழுத முடியாத, சுருக்கின ஃபைல்சிஸ்டம்) முடிஞ்ச இடத்துல இருந்து எழுதுறதுக்கான ரூட்எஃப்எஸ்-டேட்டா. கர்னலுக்கு 2 எம்பின்னு கட்டி வச்சுட்டு வெர்ஷனுக்கு வெர்ஷன் கர்னல் பெருத்து எல்லை தாண்டுற பிரச்சினை இதுல வராது. மெயின்லைன் (அதிகாரப்பூர்வ) கர்னல்லயும் பிராட்காம் டிஆர்எக்ஸ் ஃபார்மட்டுக்கு இதே எண்ணத்துல ஒரு பார்சர் இருக்கு.

ஆர்ட் பார்டிஷன் இருக்கிற அத்தரோஸ் ரௌட்டரா இருந்தா, அதுல இருக்கிறது அந்த ஒரு பெட்டிக்குன்னு ஃபேக்டரில அளந்து எழுதின வைஃபை கேலிப்ரேஷன். அழிஞ்சா வேற பெட்டில இருந்து எடுத்துப் போட்டா சரியா பொருந்தாது. ரீட்-ஒன்லி குறியை எடுத்துடாதீங்க, எந்த வேலை ஆரம்பிக்கும் முன்னாடியும் அந்த 64 கேபியை பேக்கப் எடுத்து வேற இடத்துல வைங்க, தயவுசெஞ்சு.

அப்புறம் நம்பர் விஷயம். பார்ட்டிஷண்டு மாஸ்டர்னு ஒரு கான்ஃபிக் ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணா முழு சிப்பும் எம்டிடி0ன்னு வந்து நிக்கும், பார்டிஷன் எல்லாம் ஒரு நம்பர் தள்ளிப் போகும். ரூட்டுக்கு எம்டிடிபிளாக்3ன்னு எழுதி வச்சிருந்தா இப்ப அது வேற எதையோ காட்டும், அப்டேட் ஸ்கிரிப்ட் நம்பரை நம்பி எழுதினா பூட்லோடர் மேலயே எழுதிடும். நான் ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் பேரை வச்சுதான் தேடுறேன், யூபிஐ (யூபிஐஎஃப்எஸ்க்கு அடில இருக்கிற லேயர்) அட்டாச் பண்ணும்போதும் ரூட் குடுக்கும்போதும் பேரை ஏத்துக்கும். முழு சிப் டம்ப் எடுக்க அந்த ஆப்ஷன் ரொம்ப வசதி, அதனால புது போர்டுன்னா முதல் நாளே ஆன் பண்ணிடுங்க, ப்ராடக்ட் வெளிய போன பிறகு கை வைக்காதீங்க.