தண்ணீரா, சாம்பலா?

கொழும்பு, பஞ்சிகாவத்தைப் பட்டறையில் ஒரே கம்பியில் வெட்டிய இரண்டு உளிகள், இரண்டும் செக்கச் சிவந்து. ஒன்றைச் சாம்பலில் புதைத்தார்கள். மற்றது தண்ணீரில் சுர்ரென்றது. 0.8 சதவீதம் காபன் உள்ள உருக்கு என்று வையுங்கள்.

சாம்பலில், 727 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் உருக்கின் நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில் பேர்லைட் முளைக்கிறது; இரும்பும் இரும்புக் காபைட்டும் மாறிமாறி அடுக்கிய, மென்மையான அமைப்பு அது. காபன் ஊர்ந்து இடம்மாற நேரம் வேண்டும். சாம்பல் அதைக் கொடுக்கிறது.

தண்ணீரிலோ காபன் அசைவதற்குள் சிறைப்பட்டுவிடும். சுமார் 220 பாகையில் படிகக் குறைபாடுகளிலிருந்து மார்ட்டென்சைட் தொடங்குகிறது; காபன் சிறைப்பட்ட, மிகக் கடினமான அமைப்பு அது. அணுக்கள் கூட்டமாகச் சரிகின்றன, ஏறத்தாழ உருக்கில் ஒலி செல்லும் வேகத்தில். காத்திருப்பதால் மார்ட்டென்சைட்டின் அளவு அதிகரிக்காது. மேலும் குளிர்ந்தால்தான் கூடும். அந்த உளியில் அரம் வழுக்கியது.

உளிக்கு என் தேர்வு தண்ணீர்தான். பிறகு மிதமாகச் சூடுகாட்டாவிட்டால் முதல் அடியிலேயே முனை பறந்துவிடலாம்.