பாய்லர் நின்றுவிட்டதா? போர்டை மாற்றும் முன் வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் அடுத்த குளிருக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 385 பவுண்ட் போனது.

வீடு மில்டன் கீன்ஸில். ஜனவரியில் ஒரு நாள் காலையில் எழுந்தால் ரேடியேட்டரெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது, வெந்நீரும் வரவில்லை. வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லரின் திரையில் ஏதோ எரர் கோட். முந்தின ராத்திரி மைனஸ் ஆறு. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டபடி, "விடியக்காலையில இதுக்குள்ள கொடகொடன்னு சத்தம் கேட்டுச்சுடா" என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இணையத்தில் தேடிப் பிடித்த இன்ஜினியர் பதினொரு மணிக்கு வந்தார். கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் கேஸ் சேஃப் அட்டையைக் கேட்டு வாங்கினேன், பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சத்தத்தைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டினார். மூடியைக் கழற்றி, மீட்டரை அங்கே இங்கே வைத்துப் பார்த்துவிட்டு, பத்தே நிமிடத்தில் "போர்டு போய்விட்டது" என்றார், அதாவது பாய்லரை இயக்கும் சர்க்யூட் போர்டு. வண்டியிலேயே புது போர்டு இருந்தது. 405 பவுண்ட், கார்டு இல்லாமல் பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் இருபது குறைப்பாராம். சந்தோஷமாக அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பாய்லர் எரிந்தது. அம்மா காபி கொடுத்தார். பழைய போர்டை ரீசைக்கிளுக்கு என்று அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் நல்ல வெயில், நாலு டிகிரி வரை ஏறியிருந்தது. அதை அப்போது யார் யோசித்தார்கள்?

ஆறாம் நாள் மறுபடி உறைபனி. அதே கோட், அதே கொடகொட. போன் செய்தால், "அப்படியானால் கேஸ் வால்வாக இருக்கும், 260 ஆகும்" என்கிறார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆபீஸ் நண்பர் சொன்ன வேறொருவரைக் கூப்பிட்டேன். அவர் பையைக்கூடத் திறக்கவில்லை. பாய்லரில் காதை வைத்துக் கேட்டார், "இதன் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது?" என்றார், நேரே கொல்லைப்பக்கம் நடந்தார். வடக்குச் சுவரை ஒட்டி, வெயிலே படாத இடத்தில், மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய் நாலு மீட்டருக்குப் போய்ச் சாக்கடையில் முடிகிறது. பேனாவால் தட்டினார், டொக் டொக் என்றது. கொதிக்காத வெந்நீர் கேட்டார், கொதிக்கிற நீர் பட்டால் குழாய் விரிசல் விடுமாம். மூன்றாவது ஜக்கை முழங்கை வளைவில் ஊற்றியதும், குல்ஃபி மாதிரி ஒரு பனிக்கட்டி வழுக்கி விழுந்தது, பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் கொட்டியது. ரீசெட் அழுத்தினார், எரிந்தது. 70 பவுண்ட். (ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் உறைந்து மறுநாள் நான் வழுக்கி விழுந்தது தனிக்கதை.)

விஷயம் இவ்வளவுதான். எங்களுடையது கண்டென்சிங் பாய்லர், அது தன் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து அந்தச் சூட்டையும் பயன்படுத்திக்கொள்கிறது. அதில் தினம் சில லிட்டர் தண்ணீர் சேரும், அந்தக் குழாய் வழியாக வெளியேறும். குழாய் உறைந்தால் தண்ணீர் பாய்லருக்குள் ஏறி நிற்கும், பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். முதல் நாள் இன்ஜினியர் போர்டு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே குளிர் குறைந்ததில் பனி தானாக உருகியிருக்கிறது, பெயர் போர்டுக்குப் போனது. 2010 டிசம்பர் குளிரில் இந்த நாட்டில் ஏராளமான வீடுகளில் இதே குழாய்தான் உறைந்தது. இதைத் தெரியாத இன்ஜினியர் இங்கே இருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் வீட்டுக் குழாய் 21.5 மில்லிமீட்டர். வெளியே போகும் பகுதி குறைந்தது 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மூன்று மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, தண்ணீர் நிற்காமல் ஓடச் சரிவு வேண்டும், மேலே மழையும் வெயிலும் தாங்கும் உறை வேண்டும். கடையில் கிடைக்கும் சாம்பல் நிற ஃபோம் வீட்டுக்குள் போடுவது, வெளியே போட்டால் வெயிலில் பொடிந்துபோகும். வளைவுகளை மூடாமல் விட்டால் அங்கேதான் முதலில் உறையும். உறை போடுவதும் வெந்நீர் ஊற்றுவதும் நாமே செய்யலாம். பாய்லர் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்குக் கேஸ் சேஃப் ஆள்தான் வேண்டும்.

நாங்கள் உறையோடு நிற்கவில்லை. இரண்டாவது ஆள் அந்தக் குழாயைச் சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயோடு உள்ளேயே இணைத்துவிட்டார். வெளியே இப்போது ஒன்றும் இல்லை.

முதல் இன்ஜினியரிடமிருந்து பணம் திரும்ப வரவில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் என்பதால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டி வங்கியிடமே கேட்டிருக்கலாம். அந்த வழியை இருபது பவுண்டுக்கு விற்றுவிட்டேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி அவருக்குக் கடிதம் போட்டதற்கு, "போர்டும் பழுதாகத்தான் இருந்தது" என்று ஒரு வரிப் பதில். சரி, அந்தப் பழைய போர்டைக் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.