காரின் பிரேக்குக்குப் பெரிய டிஸ்க்கா, நல்ல பேடும் புது பிரேக் ஒயிலுமா?

வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கியவர்களுக்குத் தெரியும், லபுக்கலை தாண்டி வளைவுக்கு வளைவு பிரேக்கில் காலை வைத்தே வந்தால் கருகல் வாசம் அடிக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையும், பேடை அதில் வைத்து அழுத்தும் கலிப்பரையும் பெரிதாகப் போட்டால் சூடு தாங்கும், அது உண்மை. ஆனால் 15 அங்குல ரிம்முக்குள் பெரும்பாலும் அடங்காது, ரிம்மும் டயரும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் சமநிலையும் குழம்பலாம். அப்புறம், சடாரென்று அழுத்தினால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது டயரின் பிடிமானத்தில்தான் இருக்கிறது.

பெடல் பஞ்சாவதற்குப் பல நேரம் பழைய பிரேக் ஒயில்தான் காரணம். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டொட் 4 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, அதைத்தான் கால் அழுத்துகிறது.

குடும்பக் காருக்கு நான் பேடும் ஒயிலும் என்றே சொல்வேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள், ஓட்டோ கியர் கார் என்றால் 'எல்' என்ற தாழ்ந்த கியரில். இதெல்லாம் செய்தும் பெடல் இறங்கினால், சரி, அப்போது பெரிய டிஸ்க்கைப் பார்க்கலாம்.